தடாகத்துத் தண்ணியும் ஏழு தசம் நாலும்

தண்ணீரைப் பார்த்து "நல்லாத்தானே இரிக்கி" என்று சும்மா சொல்ல எங்கள் கரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதைச் சொல்லச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

ஊர் கல்முனைக்குடி. வேலை நிந்தவூர்ப் பக்கம், பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில். மண்டபத்துக்குப் பின்னால் உயரமான மதில், மதிலுக்குள் ஒரு நீச்சல் தடாகம். சொந்தக்காரர் நெல் வியாபாரி. ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிக்க அழகாக இருக்கும் என்று அவர் கட்டிய தடாகம் அது. வாரத்தில் சில காலைகளைப் பெண்களுக்கு ஒதுக்கும்படி அவரிடம் கதைத்துச் சம்மதிக்க வைத்தவர் கல்முனை ஜெசிந்தா டீச்சர். நீச்சல் பழக்குவது அவர். தண்ணீர் என் பொறுப்பு.

என் வேலை கேட்பதற்கு லேசு. முழங்கை மூழ்கும் ஆழத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் விட்டு, சிவப்பு மருந்தைச் சொட்டி, மூடி போட்டுக் கவிழ்த்து நிமிர்த்தி, வருகிற நிறத்தைப் பெட்டியில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் வந்தால் தண்ணீரில் புளிப்பு ஏறிவிட்டது. கடும் ரோசா வந்தால் காரம் ஏறிவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் கண் எரியும். நடுவில் ஒரு செம்மஞ்சள் கலந்த சிவப்பு இருக்கிறது, அதுதான் ஏழு தசம் நாலு, அதாவது 7.4. மனிதக் கண்ணீரின் பீ.எச். பெறுமானமும் கிட்டத்தட்ட அதேதான். பால் சேர்க்கிற இடத்திலோ, பெற்றோல் செட்டிலோ, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலோ எதையாவது அளந்து பதில் சொல்லிச் சீவிக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அளந்து முடிக்க ஐந்து நிமிடம், அளந்ததை நம்ப வைக்க ஐந்து வருடம்.

நெல் கடிக்கிற நாக்கு

ஹாஜியார் நெல் வாங்கும்போது ஈரம் பார்க்கும் கருவியைக் கிட்ட எடுக்க மாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்து, பல்லுக்கிடையில் வைத்து நறுக்கென்று கடிப்பார். "ஈரம் கூட, இன்னும் ரெண்டு வெயில் காட்டு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கருவி வைத்துப் பார்த்தவர்களும் பிறகு வந்து அவர் சொன்னது சரி என்பார்கள். அந்த நாக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அதில் மரியாதை உண்டு, நெல் விசயத்தில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், குழாயில் கடும் ரோசா வந்தது. புதுச் சீமெந்துத் தடாகம் அல்லவா, காரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். "ஹாஜியார், எட்டுக்கு மேல போய்ட்டு. அசிட் விடணும்" என்றேன். அவர் குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடாகத்தின் ஓரத்தில் குந்தினார். ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, யா அல்லாஹ், வாயில் விட்டுக் கொப்பளித்து, யோசித்து, துப்பினார். குர்ஆன் மத்ரசாவில் சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் படித்த பாடம்தான் அது. தொழுகைக்கு முன் வுழுச் செய்து கைகால் கழுவுகிற தண்ணீருக்கு மூன்றும் மாறியிருக்கக் கூடாது.

"வுழுவுக்குச் சரி ஹாஜியார், கண்ணுக்குச் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே நான் அசிட்டை அளக்கப் போனேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நெறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. இன்னும் என்னத்த மகள் பாக்கிற?"

தண்ணீருக்கு மருந்து போடுகிற பெண்

எனக்குக் கல்யாணம் பேசி வந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தில் ஒரு துண்டைப் பேருக்கு எடுத்துவிட்டு, "புள்ள என்ன வேல செய்யிற?" என்று கேட்டார்கள். உம்மாவுக்கு என் தொழிலில் பெருமை அதிகம். ஆனால் பீ.எச்., குளோரின் எல்லாம் அவ வாயில் நுழையாது. "மருந்து போடுறா" என்றா, ஒரே வார்த்தையில்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் எங்கெங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். வயலுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. இன்னொருத்தர் மகனை வளைத்துப் போடுவதற்குச் சோற்றில் கலப்பதாகச் சொல்லப்படுவதும் அதே மருந்துதான். மாப்பிள்ளையின் உம்மா கையில் இருந்த வட்டிலப்பத்தை மெல்ல, மரியாதையாக, தட்டில் திருப்பி வைத்துவிட்டா. அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, தடாகம், கண்ணாடிக் குழாய், சிவப்புச் சொட்டு, ஏழு தசம் நாலு என்று முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இவ்வளவு கதைத்ததை அவர்கள் கண்டதில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காகவே பிறகு ஓம் என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த என் வருங்கால மாமி, வட்டிலப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டா.

"தண்ணிக்கு மட்டும்தானே போடுற? சோத்துக்கு இல்லயே?"

கறுப்புக் கண்ணாடி

ஜெசிந்தா டீச்சர் வெயிலுக்கு எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். ஒரு காலை, மண்டபத்துப் பச்சைப் படங்குக் கூரையின் நிழலில், கண்ணாடியைக் கழற்றாமலே என் குழாயைத் தூக்கிப் பார்த்து, "என்ன புள்ள, தண்ணி சேறு மாதிரிக் காட்டுது!" என்று பதறிப்போனார். நான் அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டிவந்து, கண்ணாடியை நானே கழற்றி, குழாய்க்குப் பின்னால் வெள்ளைக் கடதாசியைப் பிடித்தேன். அழகான செம்மஞ்சள் சிவப்பு. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு முதல்நாள்தான் இரண்டு பேருமாக மருதமுனைக்குப் போய்க் கைத்தறிச் சாரி பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

"கடைக்காரன் திட்டத் திட்டச் சாரிய வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாத்த நாம, இத மட்டும் படங்குக்குக் கீழ வெச்சுப் பாத்தா என்ன நியாயம் புள்ள!"

சிவந்த கண்

நீச்சல் பழக வருகிற ஹாலிதா ராத்தாவின் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் வீதி மட்டும்தான். பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கினவ, முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கினது கிடையாது. கடல் ஒருமுறை ஊருக்குள் வந்துபோனதை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை, அவவும் மறக்கவில்லை. பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு அலைப் பக்கம் ஓடும்போதெல்லாம் கரையில் நின்று கத்த மட்டுமே தனக்கு முடிகிறது என்று முதல் நாளே என்னிடம் சொன்னா. "பொறகால போய்ப் பிடிக்கத் தெரியணும் மிஸ். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றா. அப்படிச் சொன்ன ஒருத்திக்கு நல்ல தண்ணீர் கொடுக்க முடியாவிட்டால் நான் என்னத்துக்கு இந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் நான் லீவு. திரும்பி வந்த காலை, பெண்கள் வரமுன்பே வாசல் படலையில் ஹாலிதா ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது புருசன், நிஸாம் காக்கா நின்றுகொண்டிருந்தார். சந்தைக்குக் கிட்ட இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கோபப்பட வந்தவர்தான். ஆனால் என்னைக் கண்டதும் குரல் தாழ்ந்து அழுவார் போல ஆகிவிட்டது. "மிஸ், எண்ட மனிசி இங்கரிந்து வரக்குள்ள ரெண்டு கண்ணும் செவந்து வீங்கிக் கிடந்திச்சி. ஓட்டோவில ஏறக்குள்ள பக்கத்து வீட்டார் பாத்திட்டாங்க. அவ சிரிச்சிட்டுத்தான் ஏறினா. ஆனா கண்ணப் பாத்தா நான் அடிச்ச மாதிரியே இரிக்கி. பள்ளிக்குத் தொழப் போனா எல்லாரும் பொறுமையா இரிக்கச் சொல்லி எனக்குப் புத்தி செல்லுறாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று இறங்கின எல்லாப் பெண்களுக்கும் கண் சிவந்திருக்கிறது என்று ஜெசிந்தா டீச்சர் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரும் வந்து சேர்ந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். காலை நேரத்துக்குக் கல்யாண வீட்டார் வரிசையில் நிற்கிறார்கள். பெண்களின் நேரத்தால் அவருக்கு ஒரு இலாபமும் இல்லை. அவர் நிஸாம் காக்காவின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனி ஒரு பொண்டுட கண் செவந்திச்சோ, பொண்டுகளுக்குத் தடாகம் இல்ல. அதோட முடிஞ்சி."

பெருநாள் பெருவிரல்

உடனே தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் கடைசி ரோசா, எட்டு தசம் இரண்டு. நான் போகும்போது ஏழு தசம் நாலில் விட்டுப்போன தண்ணீர் எப்படி இவ்வளவு ஏறும்? என் லீவில் வேலை பார்த்தவ நஸீரா. கலியாணமாகி ஒரு வருடமும் ஆகாதவ, கெட்டிக்காரி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவ. அவவிடம் கேட்டேன். பெருநாளைக்கு மறுநாள் குழாயில் நல்ல மஞ்சள் வந்தது, புளிப்பு ஏறிவிட்டது என்று சோடாத் தூளைக் கரைத்து ஊற்றினேன் என்றா. பிறகும் பார்த்தேன், பிறகும் மஞ்சள், அதனால் பிறகும் ஊற்றினேன் என்றா. அவ கண் கலங்கிவிட்டது.

நான் ஏசவில்லை. "அண்டைக்குச் செஞ்சது மாதிரியே ஒருக்காச் செஞ்சி காட்டுகா" என்று குழாயைக் கையில் கொடுத்தேன். முழங்கை ஆழத்தில் எடுத்தா, சரி. தண்ணீர் வந்து விழுகிற குழாயில் இருந்து தள்ளி நின்று எடுத்தா, அதுவும் சரி. கோடு வரைக்கும் விட்டா. மருந்துப் போத்தலை நேரே கவிழ்த்துப் பிடித்துச் சொட்டினா. சரிவாய்ப் பிடித்தால் சொட்டுச் சிறுத்துப்போகும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை. பிறகு மூடியைத் தேடினா. மூடி மேசைக்குக் கீழே உருண்டு கிடந்தது. "அண்டைக்கும் இப்பிடித்தான் மிஸ் காணல்ல" என்று சொல்லிக்கொண்டே குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்திக் குலுக்கினா.

அந்த விரலைப் பார்த்தேன். பெருநாளைக்குப் போட்ட மருதோன்றி, நகம் மூடிச் சிவந்திருந்தது. "மருதோன்றியக் குழைக்கக்குள்ள என்னத்த விட்ட?" என்று கேட்டேன். "நல்லாச் செவக்க எண்டு தேசிக்காய்ப் புளி, நிறைய" என்றா. பெருநாளைக்கு மறுநாள் அந்த எலுமிச்சைப் புளி நகக் கண்ணில் காயாமல் இருந்திருக்கும். அவ்வளவு சின்னக் குழாய்க்கு அது தாராளம். வெறும் வியர்வை விரலே பெறுமானத்தை மாற்றும். இதுவோ புளியும் சாயமும் சேர்ந்த விரல். தடாகத்தில் இல்லாத புளிப்பைக் குழாயில் கண்டு, நல்ல தண்ணீரைக் காரமாக்கிவிட்டிருக்கிறோம். எந்தக் கைநூலிலும் இந்தப் பிழையை எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதை எழுதினவர்களுக்குப் பெருநாள் மருதோன்றி தெரியாது. நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை. நஸீரா மட்டும் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"அப்ப கலியாணப் பொண்ணுகள தடாகத்துப் பக்கமே எடுக்க ஏலாதா மிஸ்?"

கட்டாரில் இருந்து வந்த தராசு

அசிட்டை அளந்து விட்டு, தண்ணீரைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தேன். ஆனால் மருதோன்றிக் கதை ஹாஜியாருக்குப் பிடிபடவில்லை. "விரலால கெட்டுப் போற கணக்கு என்ன கணக்கு? நெறம் பாத்துச் செல்லுறது சாத்திரம் பாக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டு, கட்டாரில் இருக்கும் மகனிடம் சொல்லி ஒரு டிஜிட்டல் மீட்டர் எடுப்பித்தார். வந்த மீட்டரைத் துடைத்து, டிசுவில் சுற்றி, வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் சில நாள் வைத்து அழகு பார்த்தார். பிறகு ஒரு காலை கொண்டுவந்து, தடாகத்தில் தோய்த்து, வெற்றிச் சிரிப்போடு என்னிடம் நீட்டினார். ஆறு தசம் ஒன்று. என் குழாயோ ஏழு தசம் நாலு என்றது.

"பெட்டியோட சின்னப் போத்தல்கள் வந்திருக்குமே ஹாஜியார்? ஏழு எண்டு எழுதினது?" என்று கேட்டேன். வந்ததாம். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததை வாங்கி, மீட்டரின் நுனியை அதற்குள் வைத்தேன். ஏழு என்று காட்ட வேண்டிய இடத்தில் அதற்கும் ஆறுக்குக் கீழேதான் காட்டியது. "உங்கட ஸ்டோரில தராச நம்ப முந்தி என்ன செய்வீங்க?" என்றேன். "படிக்கல்ல வெச்சிப் பாப்பன்" என்றார். "இந்தப் போத்தல்தான் இதுக்குப் படிக்கல்" என்றேன். மீட்டரின் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். அலுமாரிக்குள் காயவிட்டால் அதற்குச் சொரணை போய்விடும். அதற்குரிய கரைசலில் ஊறவைத்து, படிக்கல்லுக்குச் சரிசெய்து, மறுநாள் அவர் முன்னாலேயே தடாகத்தில் வைத்தேன். இலக்கங்கள் ஓடி ஓடி, கடைசியில் ஏழு தசம் நாலில் நின்றன. என் குழாயைப் பக்கத்தில் பிடித்தேன். ஹாஜியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப தராசு சரிதான். படிக்கல்ல எடுத்து நான்தான் மூக்குக் கண்ணாடி தொடச்சிரிக்கன்."

நாவற்பழ நிறம்

பெண்கள் திரும்பவும் வருகிற காலை. முதல்நாள் சரியாக இருந்த தண்ணீர்தான். ஆனாலும் எடுத்தேன், சொட்டினேன், மூடியைப் போட்டுக் கவிழ்த்தேன். நாவற்பழ நிறம் வந்தது. பெட்டியில் இல்லாத நிறம். குளோரின் பார்க்கிற குளிசையை, அந்த மாத்திரையை, இன்னொரு குழாயில் போட்டேன். ரோசா ஒரு கணம் பளிச்சென்று வந்து, வந்த வேகத்தில் வெளிறிப்போனது. "குளோரினும் இல்ல, காரமும் ஏறிட்டு மிஸ்" என்று நஸீரா சொன்னா. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏழு தசம் ஐந்து என்றது.

வெளியே ஓட்டோக்கள் வந்து நின்றுவிட்டன. பெண்கள் நேரத்தில் ஆண்கள் படலையைத் தாண்டக்கூடாது, அது ஹாஜியாருக்கும் சட்டம். ஆகவே குழாயையும் மீட்டரையும் படலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "மீட்டர் சரியெண்டு செல்லுதே, எறங்கச் செல்லுங்க!" என்றார். நிஸாம் காக்காவும் அங்கேதான் நின்றார். நான் சொன்னேன்: "மீட்டர் உண்மைதான் செல்லுது. குழாய் பொய் செல்லுது. ஆனா ஏன் பொய் செல்லுது எண்டதுதான் முக்கியம் ஹாஜியார். அளவுக்கு மிஞ்சின குளோரின் சிவப்பு மருந்தைக் கெடுத்து நாவலாக்கும். அதே குளோரின் குளிசைர ரோசாவையும் வெளுத்துப் போடும். ஆரோ குளோரினக் கொட்டியிரிக்காங்க. இண்டைக்கு ஒராளும் எறங்க ஏலா." ஹாஜியார் முகம் இறுகியது. "இண்டைக்கு மூடினா, மூடினதுதான் மகள்" என்றார். பிளாஸ்டிக் கதிரைகளில் பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலிதா ராத்தா நீச்சல் உடுப்புப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தா. மீட்டரைக் காட்டி இறக்கிவிட்டிருக்கலாம், ஒருத்தரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கண்கள் எரியும் என்று எனக்குத் தெரியுமே. "மூடுறதும் நான்தான், தொறக்கிறதும் நான்தான்" என்றேன். "குளோரினுக்கு வெயில் பட்டாக் காணும், கொறஞ்சிரும். நாளண்டைக்குப் படலைக்கு வாங்க. அண்டைக்கும் இந்த நெறம் எண்டா, தடாகத்தோட சேத்து என்னையும் நிப்பாட்டுங்க."

எல்லோரும் போன பிறகு மண்டபத்துக் காவல்கார வாச்சர் முத்துலிங்கம் அண்ணன் பாண்டிருப்பில் இருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். நாள்தோறும் பின்னேரம் அஸர் தொழுகை தாண்டியதும் நான் அளந்து வைத்துப் போகிற குளோரினைத் தடாகத்தில் தூவுகிறவர் அவர்தான். விசயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"பொம்புளப் பிள்ளையள் வாற நாள், சுத்தமாக் குளிக்கட்டும் எண்டு நான்தான் புள்ள ஒரு வாளி கூடப் போட்டுட்டன்."

சொந்தத் தண்ணீர்

இரண்டு நாளும் கிழக்கு வெயில் என் பக்கம் வேலை செய்தது. குறித்த காலையில் குழாயில் செம்மஞ்சள் சிவப்பு வந்தது. குளிசையில் ரோசா வந்து, போகாமல் நின்றது. படிக்கல்லில் சரிபார்த்த மீட்டரும் ஏழு தசம் நாலு என்றது. மூன்றையும் படலைக்குக் கொண்டுபோய் வெயிலில், வெள்ளைக் கடதாசியோடு பிடித்தேன். ஹாஜியார் ஒதுங்கி வழிவிட்டார். பெண்கள் உள்ளே போனார்கள். படலைக்கு வெளியே ஹாஜியாரும் நிஸாம் காக்காவும், பரீட்சை முடிவு பார்க்க வந்த தகப்பன்மார் போலக் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

உள்ளே ஹாலிதா ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றா. ஜெசிந்தா டீச்சர் எதிர்ப்பக்கத்தில் நின்று கையை நீட்டி, "வா புள்ள, தண்ணி உன்னத் தாங்கும்" என்றார். பிஸ்மி சொல்லிச் சுவரை விட்டா. தலை ஒருமுறை மூழ்கியது. பிறகு கை வந்தது, மற்றக் கையும் வந்தது, காலை அடித்து அடித்து, தண்ணீரை எல்லாப் பக்கமும் இறைத்து, அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டா. தடாகத்தின் அகலம் பெரிய தூரமில்லை. ஆனால் அலைக்குள் ஓடுகிற பிள்ளையின் கையைப் பிடிக்க அது போதும். எல்லோரும் கத்தினோம். மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்திருப்பார்கள்.

நேரம் முடிந்து, அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஹாலிதா ராத்தா படலைக்கு வந்தா. நிஸாம் காக்கா எழுந்து நேரே அவ முகத்தைப் பார்த்தார். ஹாஜியாரும் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. ஹாஜியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கமுன் ஹாலிதா ராத்தா அபாயாக் கையால் கன்னத்தைத் துடைத்தா. துடைக்கத் துடைக்க வழிந்தது. பிறகு சிரித்தா.

"இது ஒங்கட தண்ணி இல்ல ஹாஜியார். இது எண்ட சொந்தத் தண்ணி."

பெண்கள் நேரம் இன்றைக்கும் நடக்கிறது. ஆகவே எங்கள் கரையில் இனி எந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தாலும் அதற்குக் காரணம் தடாகத்துத் தண்ணீர் இல்லை என்று கையொப்பம் வைத்துத் தர நான் தயார், மிச்சத்தை மாப்பிள்ளைமார் அவரவர் வீட்டில் விசாரித்துக்கொள்ளட்டும்.